ஒரே பம்ப்பை வைத்து ஆல்-கிரெய்ன் பியர்: அண்டா தூக்காமல் முடிக்க வழி உண்டா?

மூன்றண்டா:

வணக்கம். 20 லிட்டர் அளவில் ஆல்-கிரெய்ன் பியர், அதாவது மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்தே தொடங்கும் பியர், செய்கிறேன். இருக்கும் சாமான்: தண்ணீர் சூடாக்க 30 லிட்டர் பாத்திரம், மாஷுக்கு, அதாவது பொடித்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்க, 40 லிட்டர் ஐஸ்பாக்ஸ் (உள்ளே எஃகுப் பின்னல் வடிகட்டி, வெளியே டேப்), கொதிக்க வைக்க 50 லிட்டர் கெட்டில், அதில் 3 கிலோவாட் ஹீட்டர்.

வேலையைக் கெடுப்பவை மூன்று. 70 டிகிரி தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுவது, ஆரம்பத்தில் வரும் கலங்கல் வொர்ட்டைப் (மாஷிலிருந்து வடியும் இனிப்புச் சாறு) பிடித்துத் திரும்ப மேலே ஊற்றுவது, கடைசியில் நிரம்பிய கெட்டிலை மேசைமேல் ஏற்றுவது. இவற்றை ஒழிக்கத்தான் காந்த இணைப்பில் ஓடும் பம்ப் ஒன்று வாங்கினேன். ½ அங்குல மரை, 120 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. வெறும் தண்ணீரை வைத்துச் சோதித்தால் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. பம்ப் மேசைமேல், கெட்டிலுக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் இருக்கிறது.

பம்ப்பில் கோளாறா? சரியாகிவிட்டால் அதை எங்கே, எந்த வரிசையில் இணைப்பது? இரண்டாவது பம்ப் வாங்காமல் முடியுமா?

உமிமூட்டை:

பம்ப்ல கோளாறு இல்லைங்க. உட்கார வச்ச இடத்துலதான் கோளாறு.

இந்த வகை பம்ப் தள்ளும், உறிஞ்சாது. உள்ளே இருக்கிற விசிறி காற்றைச் சுத்தினா ஒண்ணும் நடக்காது. விசிறி இருக்கிற முன்பகுதி, அதாவது தலை, அதுக்குள்ள திரவம் தானா வந்து நிரம்பி இருக்கணும். அதனால பம்ப் எப்பவுமே கெட்டில் டேப்புக்குக் கீழே இருக்கணும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் போதும், டேப்புக்கும் பம்ப்புக்கும் நடுவுல அரை மீட்டராவது இறக்கம் கிடைக்கட்டும். ஹோஸ் நடுவுல மேலே எழும்பி வளையக்கூடாது, அந்த மேட்டுல காற்று போய் உட்கார்ந்துக்கும். டேப்புலேர்ந்து பம்ப் வரைக்கும் ஒரே சரிவு.

அடுத்தது தலையோட திசை. நாலு ஸ்க்ரூவைக் கழட்டித் தலையைத் திருப்பி மாட்டலாம். வெளிவாய் மேலே பார்த்து இருக்கணும், அப்பதான் உள்ள சிக்கின காற்று தானா மேலே ஏறி வெளியே போகும். வெளிவாய் பக்கவாட்டுல இருந்தா தலையோட மேல்பாதியில ஒரு குமிழ் நிரந்தரமாத் தங்கிடும். நீங்க சொல்ற அறிகுறி அச்சா இதுதான்.

தொடங்குற முறை: பம்ப்போட வெளிவாய்ல ஒரு பந்து வால்வு, அதுக்கு முன்னாடி ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, காற்றை வெளியே விட சின்னக் காற்று வால்வு. கெட்டில் டேப்பை முழுசாத் திறங்க. காற்று வால்வைத் திறந்து கீழே ஒரு டம்ளர் பிடிங்க. புஸ்னு காற்று வந்து, துப்பித் துப்பி, அப்புறம் ஒரே சீரா திரவம் வரும். வால்வை மூடுங்க. அப்புறம்தான் சுவிட்ச். காற்று வால்வு இல்லாதவங்க வெளி ஹோஸோட நுனியைக் கெட்டில் நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கிப் பிடிச்சா அதே வேலை நடக்கும், கொஞ்சம் சிந்தும்.

ஓட்டத்தைக் குறைக்க வெளிவாய் வால்வை மட்டும் திருகுங்க. உள்வாய்ப் பக்கம் இருக்கிற எதையும் பாதி மூடாதீங்க. உள்ளே வர்றதை நெருக்கினா தலைக்குள்ள அழுத்தம் இறங்கி, சூடான திரவம் அங்கேயே ஆவியாகும். வெளியே போறதை நெருக்கினா மோட்டாருக்குச் சுமை குறையத்தான் செய்யும். ஆனா காய்ஞ்ச பம்ப்பை ஓட விடாதீங்க. விசிறி சுத்துற புஷ்ஷுக்கும் வாஷருக்கும் அந்தத் திரவம்தான் எண்ணெய்.

ஹோஸ்: உள்விட்டம் 12.7 மிமீ சிலிகான், சுவர் 3 மிமீக்குக் குறையாம. மெல்லிசா வாங்கினா உள்வாய்ப் பக்கம் சூட்டுல சப்பையா ஒட்டிக்கும். ஒரு மீட்டர் ஹோஸுக்குள்ள சுமார் 127 மில்லி வொர்ட் நிற்கும், அதனால தேவைக்கு மேல நீளம் வேண்டாம்.

பழையவால்வு:

பம்ப் இருக்கும் இடத்தைப் பற்றி உமிமூட்டை சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. அமைப்புக்கு வருகிறேன். ஒரே பம்ப் போதும். அதோடு உங்கள் 30 லிட்டர் பாத்திரமும் இனி தேவையில்லை.

பலரும் பம்ப்பை மாஷ் டேப்பில் மாட்டி வொர்ட்டை அடியிலிருந்து இழுக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. மால்ட் படுகை எவ்வளவு வேகத்தில் வடிய விடுகிறதோ அதுதான் உச்ச வேகம். பம்ப் அதற்கு மேல் இழுத்தால் படுகை அமுங்கி அடைத்துக்கொள்ளும். பம்ப்பைக் கெட்டில் பக்கம் மாட்டுங்கள். கெட்டில் கீழே, பம்ப் அதற்கும் கீழே, ஐஸ்பாக்ஸ் மேசைமேல், அதன் டேப் கெட்டில் விளிம்புக்கு மேலே. பம்ப் கெட்டிலிலிருந்து மேலே ஏற்றும், ஐஸ்பாக்ஸிலிருந்து வொர்ட் தன் எடையில் கெட்டிலுக்கு இறங்கும். ஐஸ்பாக்ஸைக் காலியாக இருக்கும்போதே மேலே வைத்துவிடுகிறீர்கள். அதன்பின் சூடான எதையும் தூக்க வேண்டியதில்லை.

தண்ணீர்க் கணக்கு, 5 கிலோ மால்ட்டுக்கு: ஃபெர்மென்டருக்கு (நொதிக்க விடும் கலன்) 20 லிட்டர், கெட்டில் அடியில் கசடோடு விடுவது 2, ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவியாவது 4, மால்ட் குடிப்பது கிலோவுக்கு 1 வீதம் 5, ஹோஸிலும் ஐஸ்பாக்ஸ் அடியிலும் தங்குவது 1, கொதி வொர்ட் ஆறும்போது 4 சதவீதம் சுருங்குவதற்கு 1. மொத்தம் 33 லிட்டர். முழுத் தண்ணீரும் முதலிலேயே கெட்டிலுக்குள் போய்விடுவதால் தனியாக ஸ்பார்ஜ் (வடித்த மால்ட்டை மறுபடி வெந்நீரால் அலசுவது) இல்லை. அதனால் சர்க்கரை கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும். பழைய செறிவு வேண்டுமானால் மால்ட்டை அரை கிலோவும் தண்ணீரை அரை லிட்டரும் கூட்டுங்கள். அரை கிலோ மால்ட்டைக் கொடுத்து ஒரு பாத்திரத்தையும் ஒரு மணி நேரத்தையும் வாங்குகிறோம், நல்ல பேரம்தான்.

வெப்பம்: மால்ட் 25 டிகிரியில் இருந்து, மாஷ் 67-ல் நிற்க வேண்டுமென்றால், 33 லிட்டருக்குக் கணக்கு 70 டிகிரிக்கு மிக அருகில் வரும். ஐஸ்பாக்ஸும் ஹோஸும் தின்பதற்கு ஒரு டிகிரி சேர்த்து 71-ல் நிறுத்துங்கள்.

பொடித்த மால்ட்டை உலர்ந்தபடியே ஐஸ்பாக்ஸில் கொட்டி, பம்ப் ஹோஸை அதன் அடி டேப்பில் மாட்டி, கீழிருந்து 18 லிட்டர் ஏற்றுங்கள். தண்ணீர் அடியிலிருந்து வந்தால் மாவு உருண்டை கட்டாது, லேசாகக் கிளறினாலே போதும். ஏற்றி முடித்ததும் முதலில் ஐஸ்பாக்ஸ் டேப்பை மூடி, பிறகு பம்ப்பை நிறுத்துங்கள். மாற்றிச் செய்தால் மாவுக் கரைசல் பின்னோக்கி இறங்கிப் பம்ப் தலைக்குள் போகும். இனி ஹோஸைக் கழற்றி மேல்வாய்க்கு மாற்றலாம்.

இப்போது மாஷுக்குள் தெர்மாமீட்டர் 65 அல்லது 66 காட்டும். பதறி ஹீட்டரைப் போடாதீர்கள். கெட்டிலில் மீதி 15 லிட்டர் இன்னும் 70-ஐ ஒட்டி நிற்கிறது, சுற்றத் தொடங்கியதும் இரண்டும் கலந்து 67-க்கு வந்துவிடும்.

15 நிமிடம் எதையும் ஓட்டாமல் விடுங்கள், படுகை உட்கார வேண்டும். பிறகு ஐஸ்பாக்ஸ் டேப்பை நிமிடத்துக்கு 2 லிட்டர் வரும்படி திறந்து, பம்ப்பின் வெளிவாயையும் அதே அளவுக்கு வையுங்கள். அளக்க ஒரு லிட்டர் ஜாடியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். ஜாடி 30 விநாடியில் நிரம்பினால் 2 லிட்டர், 20 விநாடியில் நிரம்பினால் 3 லிட்டர். பத்து நிமிடம் கழித்து 3-க்கு ஏற்றலாம். அந்த வேகத்தில் 33 லிட்டரும் 11 நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றிவரும், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். மேலே திரும்பும் ஹோஸின் நுனியும், கெட்டிலுக்கு இறங்கும் ஹோஸின் நுனியும் திரவத்துக்குள் மூழ்கியிருக்கட்டும். உயரத்திலிருந்து விழுந்து நுரைத்தால் சூடான வொர்ட் காற்றை வாங்கிக்கொள்ளும்.

இந்த அமைப்பின் பலவீனம் ஒன்று உண்டு. இறங்குவது குறைந்து ஏறுவது அப்படியே இருந்தால் ஐஸ்பாக்ஸ் விளிம்புக்குக் கிட்டே நிரம்பும், கெட்டில் காலியாகும், ஹீட்டர் வெறுமையில் எரியும். ஐஸ்பாக்ஸின் மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே ஒரு துளை போட்டு வழிவுக்குழாய் ஒன்றைக் கெட்டிலுக்குத் திருப்பிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது.

கொதிநிலை:

ஹீட்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் வொர்ட்டில் 3 கிலோவாட்டை முழுசா இறக்கினால் அந்த ஓட்டத்தின் வெப்பம் 14 டிகிரி ஏறும். 67-ல் கெட்டிலுக்கு வந்தது போகப்போக 81-ல் மேலே போகும். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதியான பீட்டா அமிலேஸ் 70-ஐத் தாண்டினாலே வேகமாகச் சாகும், பியர் இனிப்பு மிஞ்சிக் கனத்துப்போகும். மாஷ் நேரத்தில் ஹீட்டரை 1 கிலோவாட்டுக்குக் கீழே வையுங்கள், அல்லது தெர்மோஸ்டாட்டில் விட்டு விட்டு எரிய விடுங்கள். வெப்ப உணரி ஐஸ்பாக்ஸ் நடுவில் இருக்கக்கூடாது, அங்கே மாற்றம் தெரிய பத்து நிமிடம் ஆகும். பம்ப்பின் வெளிவாயில் டீ போட்டு அங்கே செருகினால் மேலே எந்தச் சூட்டில் போகிறது என்பது அந்த நொடியே தெரியும்.

மாஷின் கடைசியில் 76 டிகிரிக்கு ஏற்ற 1.5 கிலோவாட் போதும். 33 லிட்டருக்கு 15 நிமிடம் கணக்கு, நடைமுறையில் 20.

தனியண்டா:

இடையில் ஒன்று. சூடு காக்கும் ஐஸ்பாக்ஸில் ஒரே வெப்பநிலையில் ஒரு மணி நேரம் மாஷ் செய்வதற்குப் பம்ப்பே வேண்டாம், மூடி வைத்தாலே ஒரு டிகிரி இரண்டு டிகிரிக்கு மேல் இறங்காது. ஹீட்டர் இல்லாமல் சுற்றவிட்டால் ஹோஸ் வழியாகச் சூடுதான் போகும். தெளிவான வொர்ட் மட்டும் வேண்டுமென்றால் கடைசி 15 நிமிடம் சுற்றினால் ஆயிற்று. பம்ப்பின் உண்மையான லாபம் தூக்கும் வேலை போவதிலும், கொதித்த பிறகு ஆற்றுவதிலும்தான்.

பழையவால்வு:

தனியண்டா சொல்வது சரி. இங்கே கெட்டிலில் ஹீட்டர் இருப்பதால்தான் தொடர்ந்து சுற்றச் சொன்னேன். ஹீட்டர் இல்லாதவர்கள் அவர் சொன்னபடியே செய்யலாம்.

மூன்றண்டா:

மிக்க நன்றி. தலையைத் திருப்பிப் பம்ப்பைக் கீழே இறக்கியதும் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வருகிறது.

பழையவால்வு சொன்ன அமைப்பில், 60 சதவீதம் பார்லி, 40 சதவீதம் கோதுமை மால்ட் போட்டு ஒரு மாஷ் போகிறது. 2 லிட்டர் வேகத்தில் 12 நிமிடம் நன்றாக ஓடியது, இப்போது ஐஸ்பாக்ஸிலிருந்து வருவது நூல் மாதிரி ஆகிவிட்டது, மேலே மட்டம் ஏறுகிறது. பம்ப்பை நிறுத்திவிட்டேன். டேப்பை முழுதாகத் திறக்கலாமா?

உமிமூட்டை:

திறக்காதீங்க! டேப்பைத் திறந்தா கீழே இழுவை கூடி இன்னும் இறுகும்.

ஹீட்டரையும் அணைங்க. டேப்பை மூடிட்டு, பம்ப் ஹோஸை அடி டேப்புக்கு மாத்தி, கெட்டில்லேர்ந்து 2 இல்ல 3 லிட்டரை மெதுவாக் கீழிருந்து ஏத்துங்க. படுகை மொத்தமா ஒரு அசைவு அசைஞ்சு மேலே எழும்புறது கண்ணுக்கே தெரியும். டேப்பை மூடிப் பம்ப்பை நிறுத்துங்க. கரண்டியால மேல்பாதியை மட்டும் லேசாக் கிளறி, பத்து நிமிஷம் உட்கார விட்டு, நிமிஷத்துக்கு 1 லிட்டர்ல ஆரம்பிங்க.

ஏன் அடைச்சதுன்னா, கோதுமைக்கு உமி கிடையாது. வடிகட்டுறது பின்னல் இல்லைங்க, பார்லி உமிதான். பின்னல் அந்த உமியைப் பிடிச்சு நிறுத்துது, அவ்வளவுதான். 40 சதவீதம் கோதுமைன்னா 5 கிலோவுக்கு 200 முதல் 250 கிராம் நெல் உமி சேர்க்கணும். முன்னாடியே ஊற வச்சு அலசிடுங்க, தூசியும் போகும், மாஷ் தண்ணியையும் குடிக்காது. மில்லோட இடைவெளியையும் பாருங்க. கையால ஊத்தி வடிக்கிறவங்க 0.9 மிமீ வைக்கலாம், சுற்றவிடுறதுக்கு 1.1 இல்ல 1.2 மிமீ நல்லது. உமி முழுசா இருக்கணும், உள்ளே பருப்பு மூணு நாலு துண்டா உடைஞ்சிருக்கணும், மாவு கம்மியா இருக்கணும்.

இன்னொரு சந்தேகம்: உங்க பின்னல் சப்பிப்போயிருக்கும். சூட்டுல மால்ட் எடை மேல உட்கார்ந்தா வெறும் பின்னல் நாடா மாதிரி தட்டையாயிடும். அடுத்த தடவைக்கு முன்னாடி எஃகுக் கம்பியை ஸ்பிரிங் மாதிரி சுத்தி உள்ளே நுழைச்சிடுங்க.

மூன்றண்டா:

அப்படியே செய்தேன். படுகை எழும்பியது, இப்போது 1.5 லிட்டரில் தெளிவாக ஓடுகிறது. பின்னலை மாஷ் முடிந்ததும் எடுத்துப் பார்க்கிறேன். இனி கொதிப்பு. கொதிக்கும் வொர்ட்டை இதே பம்ப்பில் ஓட்டினால் தாங்குமா? ஆற்றச் செப்புச் சுருள் இருக்கிறது, கெட்டிலுக்குள் இறக்கும் வகை.

கொதிநிலை:

பம்ப் தாங்கும், ஓட்டம்தான் தாங்காது. 100 டிகிரியில் திரவம் ஆவியாகும் விளிம்பிலேயே நிற்கிறது. விசிறியின் நடுவில் அழுத்தம் துளி குறைந்தாலும் அங்கே ஆவிக்குமிழ் கிளம்பும், பம்ப் சரளைக் கல்லை அரைக்கிற மாதிரி கடகடக்கும், ஓட்டம் நின்றுபோகும். பம்ப்புக்கு மேலே நிற்கும் திரவத்தின் உயரம் மட்டும்தான் இங்கே துணை. 60 சென்டிமீட்டர் உயரம் கொதிநிலையை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி தள்ளிப்போடும், அவ்வளவே. ஆகவே புரண்டு கொதிக்கும்போது ஓட்ட வேண்டாம். ஹீட்டரைக் குறைத்துக் கொதி அடங்கி 95-ஐத் தொட்டதும், காற்று வால்வைத் திறந்து பம்ப்பை மறுபடி நிரப்பி, வெளிவாயைக் கால்வாசி திறந்து தொடங்குங்கள். கடகடத்தால் இன்னும் கொஞ்சம் மூடுங்கள்.

செப்புச் சுருளைக் கடைசி 15 நிமிடக் கொதிப்பிலேயே இறக்கிவிடுங்கள். ஹீட்டரை அணைத்ததும், சுருளுக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்பு, 90-க்கு மேல் இருக்கும் வொர்ட்டைப் பம்ப் வழியே 10 நிமிடம் சுற்றுங்கள். மாஷ் வொர்ட் ஓடிய ஹோஸும் பம்ப் தலையும் இந்தச் சூட்டிலேயே சுத்தமாகிவிடும். 80-க்குக் கீழே இறங்கிய பிறகு இதுவரை சூடு படாத எந்த ஹோஸையும் மாட்டாதீர்கள்.

திரும்பும் ஹோஸின் நுனியைக் கெட்டில் சுவரை ஒட்டி, சுவரோடு பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். மொத்த வொர்ட்டும் வட்டமாகச் சுழலும். சுருளைச் சும்மா இறக்கி வைத்தால் அதைத் தொட்ட வொர்ட் மட்டும் குளிர்ந்து அடியில் தங்கும், மேலே சூடாகவே நிற்கும். சுழலவிட்டால் சுருளைச் சுற்றி எப்போதும் சூடான வொர்ட்தான் இருக்கும், ஆறும் நேரம் கண்கூடாகக் குறையும். ஆனால் குழாய்த் தண்ணீரின் வெப்பத்துக்குக் கீழே எவ்வளவு சுழற்றினாலும் இறங்காது.

வேண்டிய சூட்டுக்கு வந்ததும் சுருளை எடுத்துவிட்டு, பம்ப்பை ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள். 15 முதல் 20 நிமிடத்தில், கலக்கிய டீயில் தூள் நடுவில் சேர்கிற மாதிரி, கசடு நடுவே குன்றாகக் குவியும். கெட்டில் டேப்பின் உள்வாய் சுவர் ஓரமாக இருந்தால் தெளிந்தது மட்டும் வரும். கெட்டிலைத் தூக்க வேண்டாம், பம்ப்பே ஃபெர்மென்டருக்கு ஏற்றும். மெதுவாக ஓட்டுங்கள், வேகமாக இழுத்தால் குன்று சரிந்துவிடும்.

முழு ஹாப்ஸ் பூ (பியருக்குக் கசப்பும் மணமும் தருவது) போடுவதாக இருந்தால் சல்லடைக் கூடைக்குள் போடுங்கள். பெல்லட் (பொடித்து அழுத்திய ஹாப்ஸ்) கரைந்து கடந்துவிடும், இதழ்கள் பம்ப் வாயில் அடைக்கும்.

பழையவால்வு:

மின்சாரம்: ஹீட்டரும் பம்ப்பும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பிரேக்கர் வழியாகத்தான் இருக்க வேண்டும். எந்த இணைப்பும் மோட்டாருக்கு நேர் மேலே வேண்டாம், சொட்டும். பம்ப்பின் மின்கம்பியை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுப் பிறகு பிளக்குக்கு ஏற்றுங்கள். கம்பி வழியே வழிகிற நீர் வளைவிலேயே சொட்டிவிடும். வேகத்தைக் குறைக்கிறேன் என்று ஃபேன் ரெகுலேட்டரை மாட்டுபவர்கள் உண்டு. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார் அப்படிச் செய்தால் திணறிச் சூடாகும். வால்வு இருக்கிறது, அதையே திருகுங்கள்.

ஹோஸ் கழற்றும்போது: பம்ப் அணை, இருபக்க வால்வும் மூடு, காற்று வால்வைத் திறந்து அழுத்தம் போனபின் கழற்று. இந்த வரிசை தவறினால் 90 டிகிரி வொர்ட் கைமேல்தான்.

முடிந்த அன்றே கழுவுங்கள். 60 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் சோடியம் பெர்கார்பனேட், 20 நிமிடம் சுற்றல், பிறகு வெறும் வெந்நீர். அதோடு விட்டுவிடாமல் தலையைத் திறந்து பாருங்கள். விசிறிக்குப் பின்னால் ஒரு பிசின் படலம் இருக்கும், சுற்றிய தண்ணீர் அங்கே சரியாகப் போவதில்லை. ஓ-ரிங்கைத் துடைத்து, எல்லாவற்றையும் உலரவிட்டுப் பூட்டுங்கள். வாஷர் பக்கம் கருப்புத் தூள் தெரிந்தால் அது தேய்மானம், எங்கோ காய்ந்து ஓடியிருக்கிறது.

மூன்றண்டா:

ஆற்றும் நடுவில் ஒரு தடவை மோட்டார் ர்ர்ர் என்று இரைந்தது, ஓட்டம் சுத்தமாக நின்றது. கடகடப்பு இல்லை, வொர்ட் 60 டிகிரிதான். வால்வைத் திறந்து மூடியும் வரவில்லை. அணைத்துப் போட்டதும் ஓடியது. ஆவி இல்லையென்றால் எது?

உமிமூட்டை:

காந்தம் விட்டுப்போச்சு. மோட்டாருக்கும் விசிறிக்கும் நடுவுல தண்டு கிடையாது, காந்தப் பிடி மட்டும்தான். ஒரு உமித் துண்டோ ஹாப்ஸ் கட்டியோ விசிறியை ஒரு நொடி பிடிச்சாப் போதும், பிடி நழுவிடும். மோட்டார் முழு வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கிற வரைக்கும் நின்ன விசிறியால அதை மறுபடி பிடிக்க முடியாது. வால்வைத் திருகிப் பிரயோசனம் இல்லை. சுவிட்சை அணைச்சு, மோட்டார் முழுசா நிற்கிற வரைக்கும் அஞ்சு எண்ணிட்டு, மறுபடி போடணும். மூணு தடவை போட்டும் நழுவினா தலையைத் திறங்க, துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கு.